வாடைக்கு முன் தூர்வாரப்படுமா?

“மீன் குழம்பில் உப்பு குறைந்திருப்பதை வீட்டு அம்மையார் அறிவாரா? அறிவார் எனில், அதைச் சரிசெய்ய நடவடிக்கை எடுக்கப்படுமா?” என்று தட்டைப் பார்த்துக் கேட்கிறார் பூபதி. அடுப்படியிலிருந்து மனைவி கீதாவின் பதில் வருகிறது: “பரிசீலனையில கீது. துன்னுட்டு எழுந்திரு.”

பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்தில் பங்குக்குப் படகு வைத்திருக்கும் இந்த மனிதருக்குச் சட்டமன்றக் கேள்விப் பைத்தியம் பிடித்து வெகுநாளாகிறது. எம்.எல்.ஏ. எழுத்தில் ஒரு கேள்வி கொடுத்தால் அமைச்சரும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டார். அன்றிலிருந்து அவர் பழைய ஆள் இல்லை. “மனு குடுத்தா மூட்டை கட்டி மேல போட்டுடுவான். கேள்வின்னா அச்சுல பதில் வரணும் நைனா” என்பார்.

கேள்வி கட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஏரியில் வலை வளைப்பது போலத்தான். ‘இது உண்மையா’ என்று ஒரு பக்கம் அடைப்பார். ‘உண்மை எனில் என்ன செய்தீர்கள்’ என்று மறுபக்கம். ‘எப்போது முடியும்’ என்று வலை வாயைக் கட்டிவிடுவார். எம்.எல்.ஏ.வின் உதவியாளர் ஜெகதீஸ்வரன், இவர் தலை தெரிந்தாலே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார். பூபதி அசைய மாட்டார். ஜெகதீஸ்வரனுக்கு வந்த டீயையும் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்தது. படகு கடலுக்குப் போகாவிட்டால் குப்பத்தில் அடுப்பெரியாது. வாடைக் காற்று வந்துவிட்டாலோ அலை இன்னும் மணலைக் கொண்டுவந்து கொட்டும். பூபதி சொல்லச் சொல்ல ஜெகதீஸ்வரன் எழுதினார். முகத்துவாரம் தூர்ந்திருப்பதை அரசு அறியுமா? அறியும் எனில் தூர்வாரப்படுமா? வாடை திரும்புவதற்குள் பணி முடியுமா?

கடைசிக் கேள்வியில் தேதி போடலாமே என்றார் ஜெகதீஸ்வரன். “தேதியை யாரு பாக்குறா சார்? கடல்ல காத்துதான் கணக்கு.” குப்பத்தில் கல்யாணம் முதல் படகுப் பழுது வரை காற்றைச் சொல்லித்தான் பேச்சு. பூபதி பிடித்த பிடியை விடவில்லை.

பதில் அச்சிலேயே வந்தது. முதல் கேள்விக்கு, ஆம். இரண்டாவதற்கு, ஆய்வு நடைபெறுகிறது. மூன்றாவதற்கு, காற்றின் திசை இத்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை, வானிலைத் துறையை அணுகலாம்.

குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. மீன் ஏலத்தில்கூட அவரை ‘காத்து மந்திரி’ என்று கூப்பிட்டார்கள். அன்றைக்குச் சோற்றுக்கு உட்கார்ந்த பூபதி, தேதி போடாமல் வலை வாயைத் தானே திறந்து விட்டுவிட்டதாகக் கீதாவிடம் மட்டும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

வாடை வந்தது. படகுகள் மணல்மேட்டில் தட்டி நின்றன. குப்பத்தில் கை கால் உள்ளவர்கள் எல்லாம் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளினார்கள். பார்வையிட வந்த எம்.எல்.ஏ. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரோரமாக நின்றார். தோளை முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த பூபதியைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

“அடுத்த கூட்டத்தொடர்ல தேதி போட்டே கேட்டுடலாம். இப்போ நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க பூபதி.”

பூபதி, ஓர் ஆள் தோள் கொடுக்கும் அளவுக்கு நகர்ந்து, படகோரமாக இடம் விட்டார்.