ஒரு பாட்டுக்குள் முடிந்த பனிமலை

குளச்சலில் லீவுக்கு வந்து கல்யாணம் கட்டுபவர்கள் ஆளை அறிந்து கட்டுவதில்லை. பெண் பார்த்து, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தாலி கட்டி, விருந்துக்குப் போய்வருவதற்குள் விமானத்துக்கு நாள் நெருங்கிவிடும். என் கணவரும் அப்படி வந்தவர்தான். மற்றப் பெண்களுக்குக் கல்ஃபிலிருந்து தங்கம் வரும். எனக்கு டிவியில் மாட்டி விளையாடும் ஒரு கேம் பெட்டி வந்தது, இரண்டு கன்ட்ரோலருடன். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் நாங்கள் அறைக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறோம் என்று மாமியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எங்களுக்கு முகம் பார்த்துப் பேச வரவில்லை. இருவரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வந்தது. அந்த கேமில் இரண்டு பேர் ஒரு பனிமலையைக் கடக்க வேண்டும். சண்டைக்காரன் அவர், விளக்குப் பிடிப்பவள் நான். மலையில் எதிரி யாரும் வர மாட்டார்கள், வெறும் நடைதான். நான் பின்தங்கினால் அவர் இருட்டில் குழிக்குள் விழுவார், மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்குவோம். அந்த நடையில்தான், தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்துக் கட்டில்காரர் தூக்கத்தில் அழுவதைப் பற்றி என்னிடம் சொன்னார். என்னோடு இன்னும் கொஞ்சம் நடப்பதற்காக அவர் வேண்டுமென்றே விழுகிறாரோ என்றுகூட நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அவர் திரும்பிப் போன பிறகு அந்த கேமைப் படமாக எடுத்தார்கள். ஒரே வெள்ளிக்கிழமை அவர் அங்கே பார்ப்பது, நான் இங்கே பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனேன்.

சண்டைகளுக்கு விசில் பறந்தது. மலை வந்ததும் என் கட்டைவிரல் பாப்கார்ன் பொட்டலத்தை அழுத்தத் தொடங்கியது. பின்னணியில் ஒரு பாட்டு ஓடியது. பாட்டு முடியும்போது இருவரும் மலைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. கேமைப் படமாக்குகிறவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். நம் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, சும்மா உட்கார்ந்து பார் என்கிறார்கள். அவன் விழுந்தால் நம் பிழையில்லை, கரையேறினாலும் நமக்கு அதில் பங்கில்லை. தியேட்டரே கைதட்டியது. நான் மட்டும் நசுங்கிய பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி வீடியோ காலில் வந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் திட்டுவார் என்று நம்பி, மலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

"அந்த நடக்குத சோலிய வெட்டி எறிஞ்சானுவளே, அதான் ஏட்டி படம் நல்லாருக்கு. எனக்கு அன்னைக்கே போரடிச்சு. நீ வெளக்க புடிச்சிட்டு ஆசையா நின்ன, அதனால ஒண்ணும் சொல்லல."

அவர் போனதிலிருந்து எனக்குக் கல்யாணம் என்று இருந்தது அந்த நடை மட்டும்தான். எனக்கும் படம் பிடித்திருந்தது என்று சொன்னேன்.