பங்கருக்கு மேலை ஒரு பாத்தி

புத்தூரில் சைக்கிள் செயின் கழன்றுவிடுகிறது. நான் நிற்கிற வேலிக்கு உட்புறம் ஒரு பெண், பதுங்குகுழிக் கூரையில் கொட்டிய மண்ணின் மேல் குந்தியிருந்து, பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

“என்னக்கா, பங்கருக்கு மேலையோ கிழங்குப் பாத்தி?”

“ஓம் தம்பி. கிழங்குக்கு இப்பிடிக் குவிச்ச மண்தானே வேணும்.”

மண்ணுக்குக் கீழே பனங்குற்றிகளின் வெட்டுமுகம் தெரிகிறது. இன்னும் கறுக்கவில்லை.

“எங்கடை வளவுப் பனைதான். கூரைக்கெண்டு போன மாதம் தறிச்சம். இதுகள் அதின்ரை கடைசிக் கொட்டையள்.”

தெற்கே விமான இரைச்சல் எழுகிறது. அவர் கையை உதறிக்கொண்டு எழும்புகிறார்.

“பொம்பர்! சைக்கிளை விட்டிட்டு உள்ளுக்கை வாங்கோ.”

உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்க இருக்கிறோம். எங்கேயோ குண்டு விழுகிறது. குற்றிகளுக்கு இடையால் மண் என் கழுத்தில் உதிர்கிறது. பயத்தில் எதையாவது கதைக்கவேண்டும் போலிருக்கிறது.

“கிழங்கு எப்பக்கா கிண்டுவியள்?”

“தையிலை கிண்டலாம்.”

இரைச்சல் திரும்பவும் எங்களை நோக்கி வருகிறது. அவர் தலைக்கு மேலிருக்கிற குற்றியைத் தடவுகிறார்.

“கிண்ட நாங்கள் இல்லாட்டி, வடலியா வளந்து பனையாகட்டும்.”