உள்ளங்காலைச் சுண்டினால் போதும்

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். பி.ஏ. படித்தவன் என்று கொடுத்த வேலை. பட்டாசு மருந்து கலக்கும் அறைகளுக்குப் போய், தட்டாதே, உரசாதே, சல்லடையைக் கீழே போடாதே என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லிச் சொல்லியே களைத்துப்போவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதல் குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. பெண். சாத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அடிக்கடி மூச்சு நின்று உதடு நீலம் பாரிக்கும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைவதுதான் அப்போது வழக்கம். என் அண்ணன் மகன் அதனால்தான் பிழைத்தான் என்று நம்பிய குடும்பம் எங்களுடையது. அங்கிருந்த டாக்டரம்மா அது கூடவே கூடாது என்றார். சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டி இங்கே இல்லை, தாயின் நெஞ்சுதான் பெட்டி. மூச்சு நின்றால் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டினால் போதும், திரும்ப வரும் என்றார். என் மனைவி பிள்ளையைச் சேலைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு பகலும் இரவும் சாய்ந்தபடியே இருந்தாள்.

ஒரு மதியம் பஞ்சில் பால் தொட்டு ஊட்டிவிட்டு, குளிக்கப் போகையில் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். மூச்சு நின்றது. காலைச் சுண்டினேன், ஒரே ஒரு தடவை. அதற்குமேல் பொறுக்கவில்லை. தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைந்தேன். பிள்ளை அழுதது. பால் மூக்கு வழியே வந்தது.

ஈரத்தலையோடு வாசலில் நின்றவள் பிள்ளையை வாங்கித் துடைத்து நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள்.

"கம்பெனியில அம்புட்டுப் பேருக்கும் மெதுவா, மெதுவான்னு சொல்லுவீகள்ல. இங்கன மட்டும் என்ன வந்துச்சு?"

"நின்னே போச்சுன்னு நெனச்சேன்."

"என் நெஞ்சுல கெடக்கையிலயுந்தான் தெனமும் அதுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நான் அடிச்சேனா?"

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் பால் இறங்கியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த வாரமே பிள்ளை போய்விட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன், துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். அறைந்ததைச் சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று, மருந்து அறையில் ஒருவர் சல்லடையைக் கை தவறவிட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். குனிந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் வெளியே வந்தேன்.