நன்றி அட்டையில் மாமா பெயர்

படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடுகின்றனவே, அந்த டைட்டிலை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. போன வருஷம் ஒரு இயக்குநர் கிராமத்து வீடு தேடியபோது, குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை வீட்டைக் காட்டினேன். மாமா இறந்தபின் அத்தை அங்கே தனியாக இருக்கிறார்.

அத்தை வாடகையே வேண்டாம் என்றுவிட்டார். “அவுக கட்டுன வீடு. படத்துல அவுக பேரைப் போட்டுருங்க, போதும்.”

என்ன பெயர் என்று உதவி இயக்குநர் கேட்டதும் அத்தை என்னைப் பார்த்தார். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர். மாமா இருந்தவரை ‘உங்களைத்தான்’, போனபின் ‘அவுக’. நான்தான் பெயரைச் சொன்னேன். உதவி இயக்குநர் நகர்ந்ததும் அத்தை மெதுவாகக் கேட்டார்: “தெரையில வர்றத எழுத்துக்கூட்டிப் படிச்சா, பேரைச் சொன்னதா ஆயிராதுல்லப்பா?” வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குப் படிக்க வரும்.

“ஆகாதுத்தை. படிக்கிறது வேற.”

டைட்டிலுக்காக நார்த்தாமலைப் பாறைகளைப் படம்பிடித்தேன். பாறையில் செதுக்கியதுபோல எழுத்து தோன்றும், பிறகு பொடிந்து தூளாகப் பறக்கும். சென்னையில் பார்த்தவர்கள் எல்லாரும் கைகொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீளத்தைக் குறை என்று இயக்குநர் சொன்னபோது நான் கைவைத்தது, உதவியவர்கள் பெயர் வரும் நன்றி அட்டை திரையில் நிற்கும் நேரத்தில். “அதை யார் சார் படிக்கப்போறாங்க?” என்று சொன்னவனும் நானே. என் பெயர் வரும் அட்டையை மட்டும் தொடவில்லை. பெரிய கலைஞன் அல்லவா! அத்தையின் நினைப்பு அப்போது வரவே இல்லை.

படம் வெளியானதும் புதுக்கோட்டையில் காலைக் காட்சிக்கு அத்தையை அழைத்துப் போனேன். தெருப் பெண்கள் சிலரும் வேனில் கூடவே வந்தார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். புகையிலை எச்சரிக்கை ஓடும்போதே, “இதுவாப்பா?” என்றார்.

டைட்டில் தொடங்கியது. நாயகன் பெயர் நின்று நிதானமாகப் பொடிந்தது. என் பெயரும் அப்படியே. கடைசியில் நன்றி அட்டை வந்தது. அத்தை முன்னால் சாய்ந்து முதல் எழுத்தைச் சொன்னார். அடுத்ததைச் சொன்னார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது திரையில் தூள்தான் பறந்தது.

மீதி எழுத்துகள் அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் திரையில் இல்லாததைச் சொன்னால் அது படிப்பது ஆகாதே. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “என்னக்கா, அண்ணன் பேரு வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சே. நீ பாக்கலயா?” என்றார் அத்தை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அதற்குமேல் படத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. இடைவேளையில்கூட எழுந்து வெளியே போகாமல் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

படம் விட்டதும் வேனை நோக்கி நடந்தோம். செல்போனில் அந்த இடத்தை நிறுத்திவைத்துக் காட்டுகிறேன் என்று அசடு வழியச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

“ஒம் பேரு நல்லா நின்னுச்சுப்பா. முழுசாப் படிச்சேன்.”