முகமூடிக்குக் கத்தரி போட்ட கதை

பேய் உடை விற்கிறவளுக்குப் பேயிடம் பயம் கிடையாது. தரையில் புரளும் பாவாடையையும் கண்ணை மறைக்கும் முகமூடியையும் கண்டால்தான் நடுக்கம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கும் இது புரியும். வெளிநாட்டில், நியூ லின் என்கிற புறநகரில் மாறுவேட உடைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீனுக்கு முந்தைய இரண்டு வாரம் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

இரண்டு சைஸ் பெரிசு

பக்கத்து ஊரான ரானுயியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அப்பா, நாலு வயது மகளோடு வந்தார். சூனியக்காரி உடையை இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்டார். வாற வருசமும் போடலாமாம். குழந்தையை வாசல்வரை நடக்கச் சொன்னேன். போவதற்குள் இரண்டு தடவை தடுக்கி விழுந்தாள். அவர் முகம் வாடிப்போனது.

கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி மூன்று மடிப்பு வைத்துத் தைக்கலாம் என்று ஊசி குத்திக் காட்டினேன். குனிந்து மடிப்புகளைத் தடவிப் பார்த்தார். "ஓம், வருசத்துக்கு ஒரு மடிப்பா அவிழ்ப்பம், தங்கச்சி. பிள்ளை வளர்றது கண்ணுக்குத் தெரியும்தானே."

கறுப்பு நிஞ்ஜா

தள்ளி இருக்கும் புக்கெகோஹி என்ற ஊரில் இருக்கும் மலேசியத் தமிழ் நர்ஸ் ஒருத்தி மகனுக்கு நிஞ்ஜா உடை வாங்கினாள். தலை முதல் கால்வரை கறுப்பு. அவர்கள் தெருவில் நடைபாதையே இல்லையாம். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை முதுகிலும் கையிலும் ஒட்டினேன். நிஞ்ஜா யார் கண்ணிலும் படக்கூடாது என்று பையன் இங்கிலீஷில் சண்டைக்கு வந்தான்.

அவள் அவன் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "யாருக்கும் தெரிய வேணாம் லா. கார் ஓட்டுறவங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

முழு முகமூடி

ஒன்பது வயதுப் பெண். இடது கன்னம் முழுக்கப் பிறவியிலேயே வந்த சிவப்பு மச்சம். முழு முகமூடிதான் வேண்டும் என்றாள். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, தெருவைத் தாண்டுவது ஆபத்து, முகத்தில் வண்ணம் பூசிக்கொள்ளலாமே என்றேன். "முகமூடி போட்டா அன்னைக்கு ஒருநாள் யாரும் 'கன்னத்துல என்ன'ன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். அவள் அம்மா பக்கத்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கத்தரியை எடுத்துக் கண் ஓட்டைகளைப் பெரிதாக்கினேன், மூக்கடியிலும் வெட்டினேன். இடம், வலம், கீழே என்று பார்க்கச் சொல்லி, எல்லாம் தெரிகிறது என்றபிறகுதான் கொடுத்தேன். தெருவைத் தாண்டும்போது கையை விடக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லி அனுப்பினேன்.

ஹாலோவீன் முடிந்த சனிக்கிழமை, இருவரும் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். எப்படிப் போச்சு என்று கேட்டேன். "மூணாவது வீட்லயே கழட்டிட்டேன் ஆன்ட்டி, ஒரே வேர்வை. ஒரு அங்கிள் மேக்கப் சூப்பர்னாரு. இது மேக்கப் இல்ல, நான்தான்னு சொல்லிட்டேன்."

இத்தனை பேயும் பிசாசும் தொங்குகிற கடையில், வருஷா வருஷம் பயந்து சாகிறதும் கண்ணைத் துடைக்கிறதும் நான் ஒருத்திதான்.