உள்ளங்கையில் சமப்படுத்திய சமன்பாடு

பேனை மை கசக்கும். எச்சில் தொட்டு உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு, அந்த விரலையே மறந்துபோய் மறுபடி வாயில் வைத்துக் கசப்பை விழுங்கிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் கடதாசி வராமல் நின்ற காலம் அது. பழைய கொப்பிகளில் மிஞ்சிய ஒற்றைத் தாள்களைச் சேர்த்துத் தைத்துத்தான் எழுதினோம். இரசாயனச் சமன்பாடு சமப்படுத்துவதோ எண்ணைப் போட்டுப் பார்த்து அழித்து, மறுபடி போட்டுப் பார்க்கிற வேலை. அதற்கு ஒற்றையைச் செலவழிக்க மனம் வராமல் இடது உள்ளங்கையிலேயே போட்டுப் பார்ப்போம். எங்கள் வகுப்பில் அதற்குக் "கைக்கணக்கு" என்று பெயர்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கலா, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவரின் மகள். விஞ்ஞானம் அவளுக்கு ஏறவே ஏறாது. அந்தத் தவணைச் சோதினையிலும் அதில் சித்தியடையவில்லையென்றால் "பள்ளிக்கூடத்தால மறிச்சுப்போடுவன்" என்று அவளுடைய ஐயா சொல்லியிருந்தார், சொன்னதைச் செய்கிற மனிசன்.

சோதினையில் அலுமினியமும் ஒட்சிசனும் சேருகிற சமன்பாடு வந்தது. ஒட்சிசன் இரண்டிரண்டாய்த்தான் வரும், விளைவிலோ மூன்று நிற்கும். கீழே உள்ள சின்ன எண்ணைத் தொடவும் கூடாது. கலா மூன்று தரம் கையில் போட்டு அழித்து, நாலாந்தரம் நாலு, மூன்று, இரண்டு என்று பிடித்துவிட்டாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

மேற்பார்வைக்கு நின்ற ரீச்சர் இடம்பெயர்ந்து அந்தக் கிழமைதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், எங்கள் பழக்கம் தெரியாதவர். வந்து கலாவின் கையைப் பிடித்தார். இப்போதுதான் எழுதினேன் என்று அவள் சொன்னது எடுபடவில்லை. வகுப்பு முழுக்க இடது கைகள் மேசைக்குக் கீழே போய்விட்டன. ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"பக்கத்தில இருக்கிறாய். இவள் இப்ப எழுதினவளோ, எழுதிக்கொண்டு வந்தவளோ?"

என் கையை விரித்துக் காட்டியிருந்தால் போதும். ஆனால் என் தாளும் போய்விடும் என்று பயந்தேன்.

"நான் காணேல்லை, ரீச்சர்."

கலாவுக்குச் சைபர். அடுத்த தவணை அவள் வரவில்லை. பிறகு இடப்பெயர்வில் எங்கள் வகுப்பே சிதறிப்போனது.

இன்று என் மகள் ஒரு கணக்குக்கு நாலு தாள் கிழித்துப் போடுகிறாள்; கையில் எழுதுவதென்றால் அவளுக்கு அருவருப்பு. அவளோடு போன வருசம் ஊருக்குப் போனபோது அச்சுவேலிச் சந்தையில் கலாவைக் கண்டேன். பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாள், என்னைத் தேத்தண்ணிக்கு வரச் சொன்னாள். இத்தனை வருசமாய்ச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பை நான் தட்டுத்தடுமாறித் தொடங்க, அவள் மறித்தாள்.

"விடு. உன்ரை கையிலையும் எழுதிக் கிடந்ததை நான் கண்டனான். சொன்னா உனக்கும் சைபர்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன்."