கண்மாய்க்குள் நான்கு தட்டிகள்

பள்ளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயில் நூறு நாள் வேலை நடந்தபோது நான்தான் பணித்தளப் பொறுப்பாளர். வந்தவர்களின் வருகையைப் பதிவது, வெட்ட வேண்டிய இடத்தை அளந்து கொடுப்பது, போட்டோ எடுத்து அனுப்புவது என் வேலை. நல்ல கோடை. கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உள்ளே மண்டியிருந்த கருவேல மரங்களையும் வேரோடு பிடுங்கிவிட்டதால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டவெளி. நிழலுக்கு ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டியிருந்தோம்.

ஒரு நாள் பத்தரை மணிவாக்கில் ஓர் அக்கா மண்சட்டியோடு அப்படியே உட்கார்ந்து, பிறகு சரிந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. வேலையில் யாருக்கும் சளைக்காதவர். ஆட்டோ பிடித்துக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். குளுக்கோஸ் ஏற்றிய நர்ஸ், "காலையிலேருந்து தண்ணி குடிச்சீகளா இல்லையா?" என்று கேட்டார். நர்ஸ் நகர்ந்த பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"குடிச்சா ஒதுங்கணும்ல ஆத்தா. எங்குட்டுப் போயி ஒதுங்க? சுத்தி ஆம்பளையாளுக நிக்கிறாக."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். காலையில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. வீடு திரும்பும் வரை நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெயிலைப் போல அதுவும் வேலையோடு சேர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

என் கணவர் காரைக்குடியில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிறவர். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"மடக்கி எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு மறைப்பு செஞ்சு குடுங்க."

"எவ்வளவு கனம் இருக்கலாம்?"

"நான் ஒருத்தியா தூக்கணும். ஸ்கூட்டர்ல கட்டணும். காத்துக்கு நிக்கணும்."

முதலில் பிளாஸ்டிக் குழாய்களை நட்டு என் பழைய பருத்திச் சேலையைச் சுற்றிப் பார்த்தோம். மொட்டை மாடியில் நான் உள்ளே நின்றேன். வெளியே இருந்து அவர், "ஒன் கை காலு எல்லாம் நிழலா தெரியுது" என்றார். வெயிலுக்கு எதிரே நின்றால் சேலை நிழல் விழும் திரைதான், மறைப்பு இல்லை. அடுத்து, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கட்டிய பழைய பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்தார். அதில் நிழல் தெரியவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது, வாடை வேறு. மாப்பிள்ளையின் முகம் வேறு உள்பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இவன் பாத்துக்கிட்டிருந்தா எவ உள்ள போவா?" என்றேன். அன்றுதான் அந்த வேலையில் இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசியில் விளம்பரத் தட்டிகள் செய்கிற பிளாஸ்டிக் அட்டையைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே குழல் குழலாக இருக்கும், கனமே இருக்காது. கருநீலத்தில் நான்கு துண்டுகள் வாங்கி, புத்தகம் போல மடங்க வேண்டும் என்பதற்காக இரண்டு இரண்டு தட்டிகளுக்கு நடுவே ரெக்சின் பட்டை வைத்து ஒட்டினோம். சீட்டுக்கு ரெக்சின் ஒட்டும் அதே ரப்பர் பசைதான். இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்தினால் பிரிக்கவே முடியாது என்று அவர் சொன்னார். இழுத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.

மறுநாள் கண்மாயின் ஒரு மூலையில் குழி வெட்டி, அதைச் சுற்றித் தட்டிகளை நிறுத்தினேன். அந்த அக்காவைத்தான் முதலில் போகச் சொன்னேன். தயங்கித் தயங்கிப் போனார். காலையில் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் மாறி மாறிப் போய் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அக்கா இரண்டாம் தடவை போனபோது வெயிலில் பசை இளகியிருந்தது. லேசாக ஒரு காற்று. ஒரு தட்டி பட்டையிலிருந்து கழன்று வெளிப்பக்கமாக விழுந்தது.

கரையில் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தன் சிரித்தான். நான் ஓடிப்போய் என் துண்டை விரித்துப் பிடிப்பதற்குள் அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. சட்டியைக்கூட எடுக்காமல் கரை ஏறி வீட்டைப் பார்த்து நடந்தார். அடுத்த நான்கு நாளும் வேலைக்கு வரவில்லை.

அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார்.

"எம் மேல தப்புக்கா" என்றேன்.

"சும்மா இருந்தவளைக் கூப்பிட்டுப் போய் நிறுத்துனியேத்தா" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. சலிப்பாகச் சொன்னார். 

வீட்டுக்கு வந்து கணவரிடம் சண்டை போட்டேன்.  மறுநாள் அவர் அட்டையில் சிறு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பசை தடவி ஒட்டினார்: ரப்பர் பசை, குழாய் ஒட்டும் பசை, இரண்டு டியூப் கலக்கிற பசை, துணி டேப். எல்லாவற்றையும் மாடியில் வெயிலில் வைத்து, கீழே துண்டுக்கு ஒரு கல் கட்டித் தொங்கவிட்டார். ஒரு மணிக்குள் அத்தனை கல்லும் தரையில் கிடந்தன. சில துண்டுகளில் பசை ஏடாக உரிந்து வந்தது, அட்டை மட்டும் புதுசு போலப் பளபளவென்று இருந்தது.

"இந்த அட்டைல மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு. எதையும் ஒட்ட விடாது. பசையை நம்புனது எந் தப்புதான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் பசையைத் தொடவில்லை. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, தட்டிகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டார். நைலான் நாடாவை மடிப்பு இடத்தில் வைத்து, சீட்டுத் தைக்கும் நூலால் இரட்டைத் தையல் போட்டார். கூரைக்குக் குடைத்துணி. அடியில் நான்கு மூலையிலும் கயிறும் முளைக்குச்சியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதை மாடியில் நிறுத்தி மூன்று நாள் வெயிலிலும் காற்றிலும் விட்டுவைத்தேன். என் முழு பலத்தோடு எட்டி உதைத்தும் பார்த்தேன். அதற்குப் பிறகும் எடுத்துப்போகப் பயமாக இருந்தது.

இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்க நானே முதலில் போனேன். இரண்டு நாள் நான் மட்டும்தான் போனேன். மூன்றாம் நாள் இளவயதுப் பெண் ஒருத்தி வந்து, "உள்ள காத்து வருதாக்கா?" என்று கேட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது பக்கத்து ஊர்ப் பொறுப்பாளரும் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார்.

அந்த அக்காவும் வேலைக்குத் திரும்பினார். மறைப்புக்கும் போகிறார். ஆனால் போவதற்கு முன் நான்கு கயிற்றையும் தன் கையால் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார். தூக்கு வாளியில் கொண்டுவரும் நீச்சத்தண்ணியை எனக்கும் ஊற்றித் தருகிறார், பேசுகிறார், பேத்தியின் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்கிறார். கயிற்றை இழுப்பதை மட்டும் விடவில்லை. அவர் இழுத்து முடிக்கும் வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.